வீட்டுப் பாத்தித் தக்காளி

எனக்குக் கோவம் வந்தா காது ரெண்டும் சுடும். அந்த ஞாயித்துக்கிழமை சித்தையன்கோட்டையில எங்க அண்ணன் வீட்டு அடுப்படியில நிக்கும்போதுதான் சுட ஆரம்பிச்சது.

ஜெயமேரி மதினி மீன் குழம்புக்குத் தக்காளி அரிஞ்சுக்கிட்டே சொன்னாக: "ஏ அன்னாளு, இனிமே வீட்டுப் பாத்தி போடுறதா இல்ல. எல்லாத்தையும் ஒண்ணாவே நட்டு ஒண்ணாவே மருந்தடிச்சுருவோம். அடிச்சு ரெண்டு நாள் கழிச்சுப் பறிச்சா ஒரு விஷமும் இருக்காதாமே? ஒங்க காலேஜ் புஸ்தகத்துலயே போட்டிருக்காம். உரக்கடைச் சுவத்துல ஒட்டி வச்சிருக்கான்."

வீட்டுப் பாத்தின்னா வேற ஒண்ணுமில்ல. எங்க பக்கம் தக்காளி போடுறவுக கெணத்தோரம் ரெண்டு பாத்தியைத் தனியா விட்டு வைப்பாக. பூச்சிமருந்து அதுல ஒரு சொட்டுப் படாது. அது வீட்டுக்கு, பிள்ளைகளுக்கு. மத்ததெல்லாம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு.

காலேஜ் புஸ்தகம்னு மதினி சொன்னது, திண்டுக்கல்ல நான் கெமிஸ்ட்ரி சொல்லிக் குடுக்கிற காலேஜ் நடத்துற ஆராய்ச்சி ஜர்னல். ரெண்டாயிரத்து நாலுல அதுக்கு நான் துணை ஆசிரியர். பேருக்குத்தான். அந்தக் கட்டுரை எம் மேசைப் பக்கமே வரல. எழுதுனது செழியன், எங்க டிபார்ட்மெண்ட்ல தற்காலிகமா வேலை பாத்தவரு. போட்டது எடிட்டர் முத்துச்சாமி சார், எங்க துறைத் தலைவர். எந்தக் கட்டுரையா இருந்தாலும் விஷயம் தெரிஞ்ச வெளியாள் ரெண்டு பேருக்கு அனுப்பிக் கருத்து வாங்கணும்னு விதி. சார் வாங்குனாரு. ஒண்ணு அவரு மச்சினன்கிட்ட, இன்னொண்ணு அவருகிட்டயே! பின்னட்டையில அந்த உரக்கடை விளம்பரம் வேற. வெட்கக்கேடு.

"அதை எழுதுன தம்பி பழம் கேட்டு நம்ம வயலுக்கும் வந்தாரே," மதினி பெருமையாச் சொன்னாக.

"எந்தப் பாத்தியில பறிச்சாரு?"

"அவரு எங்க பறிச்சாரு? வெயில்ல வந்த பிள்ளைய வேப்பமரத்தடியில உக்கார வச்சு மோரு குடுத்துட்டு நாந்தான் பை நிறையப் பறிச்சுக் குடுத்தேன். வீட்டுப் பாத்தியிலதான். வீடு தேடி வந்தவுகளுக்கு மருந்தடிச்சதையா குடுப்பாக? நாம என்ன மனுசரில்லையா?"

"அடக் கடவுளே! விஷம் இருக்கான்னு பாக்கத்தான மதினி அவரு கேட்டாரு!"

"கேட்டாரு. அதுக்காக?"

"அப்ப மார்க்கெட்டுல வாங்குறவன் வீட்டுப் பிள்ளை பிள்ளையில்லையா?"

"நீ சம்பளக்காரி, பேசுவ. புழு விழுந்த பழத்தை எவன் எடுப்பான்? சொல்லேன்."

அதுக்குள்ள அண்ணன் மக ஜெஸ்ஸி ஓடியாந்து ஒரு தக்காளியை எடுத்து, உப்புத் தொட்டு நறுக்குனு கடிச்சா. அவளுக்கு அது மிட்டாய். அடுத்த தடவை இவ கடிக்கப் போறது மருந்தடிச்ச பழத்தை. அதுவும் நாங்க அச்சடிச்சுக் குடுத்த தைரியத்துல.

மறுநாள் செழியனைப் புடிச்சேன். மனுசன் கீரனூர்க்காரரு, பேச்சுல மரியாதை வழியும்.

"எல்லா வீட்டுலயும் அப்படித்தானுங்க மேடம். பறிக்கப் போனா விடமாட்டேன்னுட்டாங்க. மோரு, காப்பி, ஒரு வீட்டுல சோறே போட்டாங்க. வேண்டாம்னா கோவிச்சுக்கிறாங்க."

"நல்லாத் தின்னுட்டு வந்தீரு! பை எந்தப் பாத்தியில நிறைஞ்சதுன்னு கேக்க வாய் வரலையா?"

அவரு மொகம் செத்துப் போச்சு. ஆனா எடிட்டர்கிட்ட வாங்கன்னு கூப்பிட்டா காலைத் தூக்க மாட்டேங்கிறாரு. அந்தக் கட்டுரையை வச்சுத்தான் வேலையை நிரந்தரமாக்கணும் அவருக்கு. நானே போனேன். பாத்தி, மோரு, பை, எல்லாத்தையும் ஒண்ணு விடாமச் சொன்னேன்.

முத்துச்சாமி சார் சிரிச்சாரு. "அன்னாள், நம்ம ஜர்னல் ஆரம்பிச்ச நாள்லேருந்து திருத்தம்னு ஒரு வரி வந்ததில்ல, தெரியுமா?"

"தப்பே இல்லாததால இல்ல சார். எவனும் பாக்காததால."

"இப்ப என்ன? செழியன் அடுத்த கட்டுரையில வேற முடிவு எழுதட்டும். அதுக்குப் பேரு வளர்ச்சி. திருத்தம் போட்டா அசிங்கம்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவனைப் பாத்திருக்கேன். நீங்க விஷத்தையில்ல மறைக்கிறீக!"

"வெள்ளிக்கிழமை ஜர்னல் கமிட்டியில செழியனையும் வச்சுப் பேசிக்கலாம், போங்க."

போனேன். சித்தையன்கோட்டைக்குத்தான். அண்ணன் புதன்கிழமை மருந்தடிச்சிருந்தாரு. வெள்ளி காலையில விக்கிற பாத்தியிலேருந்து நல்ல பழமாப் பாத்துப் பறிச்சு, கழுவித் தொடச்சு, எவர்சில்வர் தட்டுல உப்போட கமிட்டி மேசையில வச்சேன்.

"எங்க ஊருத் தக்காளி சார், எடுத்துக்கங்க."

சாருக்கு ஒரே சந்தோசம். நான் சமாதானத்துக்கு வந்துட்டேன்னு நெனைச்சுட்டாரு. ஒண்ணை எடுத்து உப்புத் தொட்டு வாய் வரைக்கும் கொண்டு போனவரு பொசுக்குனு நிறுத்துனாரு.

"இது வீட்டுப் பாத்தியில பறிச்சதுதானே?"

"இல்ல சார். விக்கிற பாத்தி. புதன்கிழமை மருந்தடிச்சது. நம்ம ஜர்னல் கணக்குப்படி ரெண்டு நாள் ஆச்சு. பயப்படாமச் சாப்பிடுங்க."

பழம் தட்டுக்குத் திரும்பிடுச்சு. சார் கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு விரலா அழுத்தித் தொடச்சாரு.

"இப்ப செஞ்சீகளே, அதைத்தான் சார் அச்சடிக்கச் சொல்றேன்."

கடைசி நாற்காலியிலேருந்து செழியன் எந்திரிச்சாரு. "போட்டுருங்க சார். அந்த முடிவு தப்பு, கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கிறேன்னே போடுங்க. என் பேரோட போடுங்க."

போட்டாங்க. அடுத்த இதழ்ல, கடைசிப் பக்கத்துல, பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கிற எழுத்துல. செழியனுக்கு வேலை நிரந்தரமாகல. முத்துச்சாமி சார் எடிட்டராத்தான் இருந்தாரு.

நான் அந்தத் துண்டைப் பெருசா ஜெராக்ஸ் எடுத்து உரக்கடைச் சுவத்துல பழசு மேலயே ஒட்டுனேன். கடைக்காரன் கிழிச்சான். மறுபடி ஒட்டிட்டு, "கை வச்சுப் பாரு"ன்னு சொல்லிட்டு வயலுக்குப் போனேன். மதினி கெணத்தோரம் வீட்டுப் பாத்திக்குத் தண்ணி கட்டிக்கிட்டு இருந்தாக. ஜெஸ்ஸி வரப்புல உக்காந்து தின்னுக்கிட்டு இருந்தா. அப்பாடான்னு இருந்துச்சு.

அங்கிட்டு விக்கிற பாத்தியில அண்ணன் மருந்தடிச்சுக்கிட்டு இருந்தாரு.

"எப்பண்ணே பறிப்பீக?"

மூக்குல கட்டுன துண்டை எறக்காமலே சொன்னாரு: "நாளைக் கழிச்சு லாரி வருதுல்ல."