கூலிங் காயில்

பூதலப்பட்டு தாண்டி நாலு கிலோமீட்டர் போயிருப்போம், ஏசி செத்துப்போனது. ஒரேயடியாகச் சாகவும் இல்லை. முதலில் குளிர் மெலிந்தது, அப்புறம் வெறும் காற்று வந்தது, அப்புறம் அடுப்புக்கு எதிரே நிற்கிற மாதிரி முகத்தில் அடித்தது. நான் கையை நீட்டிப் பார்த்தேன். பக்கத்து சீட்டில் இருந்த என் வீட்டுக்காரர் பார்க்கக்கூட இல்லை, பேசாமல் கண்ணாடியை இறக்கிவிட்டார். அவர் அப்படித்தான். சோறு வேகாமல் இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் தின்றுவிட்டுக் கை கழுவுகிற ஆள். வந்த ஆத்திரத்தில் நான் ஹாரனைப் பிடித்து அழுத்தினேன். முன்னால் போன மாங்காய் லாரிக்காரன் என்ன பாவம் செய்தான், மிரண்டுபோய் ஒதுங்கி வழி விட்டான்.

பங்குனியில் ஏசிக்குக் கேஸ் போட்டதில் இருந்து இது மூன்றாவது தடவை. முதல் தடவை கேஸ் போட்டது ஒரு மாதம் தாங்கியது. அடுத்தது இருபது நாள். போன தடவை போட்டுப் பதினாறே நாள். ஒவ்வொரு தடவையும் சித்தூர் வேலூர் ரோட்டில் முனிரத்தினம் கடைக்குத்தான் போனோம். அவன் பானெட்டைத் திறந்து, சிவப்புக் குழாய் நீலக் குழாய் மாட்டி, மீட்டரைப் பார்த்துத் தலையை ஆட்டி, கேஸை ஏற்றி அனுப்பிவைப்பான். எங்கே ஒழுகுகிறது என்று கேட்டால், “பழைய வண்டி, அக்கா” என்பான். பதினேழு வருடத்து வண்டி, பழையதுதான், யார் இல்லை என்றது? வண்டி பழையது என்றால் ஓட்டை கண்ணுக்குத் தெரியாதா? நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை சோப்புத் தண்ணி கலக்கி, சிலிண்டர் ட்யூபுக்குத் தடவிப் பார்க்கிற மாதிரி, பானெட்டுக்குள் கண்ணில் பட்ட எல்லா மூட்டிலும் தடவிப் பார்த்தேன். ஒரு நுரைகூடக் கிளம்பவில்லை. வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஏசி என்றால் சொகுசு என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். என் நாத்தனார் சந்திரம்மா ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் நடுவில் கேட்டாள், “ஏசி இல்லாம போக முடியலியா ஒனக்கு?” என்று. என் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய் இரண்டு வருடம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். சித்தூரில் பெயர் எழுதி வைத்திருக்கிறோம், இடம் காலியாகவில்லை, அதனால் திருப்பதி. போக எழுபது கிலோமீட்டர், வர எழுபது. அவருக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணி, அவ்வளவுதான். குழம்பு, மோர், மாத்திரைக்கு விழுங்குவது எல்லாம் அதில் அடக்கம். நூறு மில்லி பிடிக்கிற குட்டி எவர்சில்வர் டம்ளர் ஒன்று வைத்திருக்கிறார், போகிற இடத்துக்கெல்லாம் அது கூடவே வரும். கத்திரி வெயிலில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒன்றரை மணி நேரம் அனல் காற்றில் போனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், மனிதன் தண்ணி குடிக்காமல் என்ன செய்வான்? குடித்த தண்ணி வெளியே போக வழி கிடையாது. உடம்பிலேயே நிற்கும், நுரையீரலில் போய்க் கோத்துக்கொள்ளும். டாக்டர் இரண்டு தடவை எச்சரித்துவிட்டார். ஆக, இந்த வண்டியில் ஏசி ஓடினால் அவர் மூச்சு விடுவார். இதைக் கல்யாண வீட்டில் விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. “ஆமாம் அண்ணி, நாங்க மகாராஜா பரம்பரை” என்று சொல்லிவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்தேன்.

ஏசி செத்த அன்றைக்கு, செவ்வாய்க்கிழமை, சந்திரகிரி வருவதற்குள் அவர் இரண்டு டம்ளர் குடித்துவிட்டார். நான் பார்க்காத மாதிரி ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். ஆஸ்பத்திரியில் எடைமெஷினில் ஏற்றினார்கள், போன தடவைக்கு மூன்று கிலோ நானூறு கூடுதல். நர்ஸ் தெலுங்கில் என்னைத்தான் திட்டினாள், வீட்டில் பார்த்துக்கொள்கிற ஆள் நான் அல்லவா. அவ்வளவு தண்ணியையும் ஒரே தடவையில் எடுத்தால் அவருக்குக் கெண்டைக்கால் முறுக்கிக்கொள்ளும். போன சனிக்கிழமை அப்படித்தான் பெட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினார். மற்றபடி வாயே திறக்காத மனிதன் கத்தினால் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அவரை மெஷினில் போட்டதும் எனக்கு நாலு மணி நேரம் இருந்தது. வழக்கமாக வராண்டாவில் உட்கார்ந்து போனில் ஹாஸ்டல் பெண்களை மிரட்டிக்கொண்டிருப்பேன். நான் ஹாஸ்டல் வார்டன், நூற்றெண்பது பெண்கள், குரலில் குறைச்சல் இல்லை. அன்றைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு ரேணிகுண்டா ரோட்டில் ஒரு கார் ஏசி கடையைத் தேடிப் பிடித்தேன். திலீப் என்று ஒரு ஆள், முப்பது வயது இருக்கும், அளந்து பேசினான். கேஸ் போடு என்று நான் சொன்னதற்கு, லீக் பார்க்காமல் போட மாட்டேன் என்று தெலுங்கில் சொன்னான். எனக்கு அவனைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

கேஸோடு ஒரு சாயத்தையும் கலந்து ஏற்றுவார்களாம். ஒழுகுகிற இடத்தில் அந்தச் சாயமும் கசியும், நீல டார்ச் அடித்தால் பச்சையாக மின்னும். திலீப் சாயத்தைக் கையில் எடுக்கும் முன்னால் சும்மா டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்தான். ஏசித் தண்ணி சொட்டுகிற ரப்பர் குழாய் ஒன்று இடதுபக்கத்து சீட்டுக்குக் கீழே இருக்கிறது, அதில் அடித்தான். அப்புறம் என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னான். குழாயின் வாயில் கிளிப்பச்சையாகப் பளபளவென்று இருந்தது. நான் இன்னும் சாயமே போடவில்லையே மேடம், என்றான். யாரோ முன்னாலேயே போட்டிருக்கிறார்கள். உள்ளே டேஷ்போர்டுக்குப் பின்னால், காற்றைக் குளிரவைக்கிற கூலிங் காயிலில் ஓட்டை. போட்டவருக்கு இது கட்டாயம் தெரிந்திருக்கும்.

முனிரத்தினத்துக்குத் தெரிந்திருக்கிறது. முழு டேஷ்போர்டையும் பிரிக்கிற வேலைக்குச் சோம்பல்பட்டுக்கொண்டு, ஓட்டைப் பானையில் தண்ணி ஊற்றுகிற மாதிரி ஊற்றி ஊற்றி அனுப்பியிருக்கிறான். அதற்கு ஒரு ‘அக்கா’ வேறு. நான் திலீப்பிடம் வேலையைக் கொடுக்கவில்லை. இரண்டு நாள் வண்டி நிற்க வேண்டும் என்றான், எங்களுக்குத் திரும்பிப் போக வேண்டும். அது மட்டும் காரணம் இல்லை. எவன் ஏமாற்றினானோ அவன் கையாலேயே பிரிக்க வைக்க வேண்டும் என்று எனக்கு வைராக்கியம் வந்துவிட்டது.

மூன்றரை மணிக்கு அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். டயாலிசிஸ் முடிந்து வருகிறவர் பிழிந்துபோட்ட துணி மாதிரி இருப்பார், பேச்சு கொடுக்கக்கூடாது. கொடுக்கவில்லை. எழுபது கிலோமீட்டரும் முனிரத்தினத்தை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். கொஞ்சநஞ்சமாகவா நம்பினோம் அவனை? சத்தியவேடு பக்கத்தில் இருந்து கையில் ஒன்றும் இல்லாமல் சித்தூருக்கு வந்த பையன். அப்போது மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் குளிர் அறைக்கு இன்சார்ஜாக இருந்த என் வீட்டுக்காரர்தான் அவனைச் சேர்த்துக்கொண்டு ஆறு வருடம் வேலை கற்றுக்கொடுத்தார். அந்த நன்றியையாவது நினைத்திருக்க வேண்டாமா? சித்தூருக்குள் வந்ததும் வீட்டுக்குத் திருப்பாமல் நேரே விட்டேன். “எங்க போறோம்?” என்றார். முனிரத்தினம் கடைப் பக்கம் போய்த்தான் பிரேக்கை மிதித்தேன்.

முனிரத்தினம் ஒரு வேனுக்கு அடியில் இருந்து வெளியே வந்தான். அவனைக் கை துடைக்கக்கூட விடவில்லை. வாய்க்கு வந்தபடி கேட்டேன். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்றேன். உனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் அந்த சீட்டில் வெந்துகொண்டிருக்கிறார், நீ கேஸ் ஊற்றி வேடிக்கை பார்க்கிறாய் என்றேன். எதிர் டீக்கடையில் டம்ளர்கள் பாதி வழியில் நின்றன. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவன் காரைப் பார்த்தான். கார் கொஞ்சம் தள்ளி, வேப்பமர நிழலில் நின்றிருந்தது.

“அந்தப் பச்ச டை, சாயம், அத போட சொன்னதே அண்ணன்தான், அக்கா,” என்றான் மெதுவாக. “மொத வாட்டியே பாத்துட்டோம். பிரிச்சிடலாம்ணான்னு மூணு வாட்டியும் நான் கேட்டேன். வேணாம்னுட்டாரு.”

“எதுக்கு வேணாம்னாரு?”

அவன் பழந்துணியில் கையைத் திருப்பித் திருப்பித் துடைத்தான். ஹாஸ்டலில் சுவரேறிக் குதித்த பெண்ணைக் கேட்கிற குரலில் மறுபடி கேட்டேன்.

“இந்த வெயிலு தாண்டற வரைக்கும் கேஸ் மட்டும் போட்டுக்கினு இரு, போதும்னாரு. அடுத்த வெயிலுக்கு ஏசி கேக்கற ஆளு வண்டியில இருக்க மாட்டான்னாரு. அக்காகிட்ட சொல்லாதன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு.”

அவன் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கலங்கவில்லை. உச்சந்தலையில் இருந்து உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது. இரண்டு வருடமாக நான் டூட்டியை மாற்றி மாற்றிப் போட்டு, நாற்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஒவ்வொரு துளியையும் அளந்து ஊற்றிக்கொண்டிருக்கிறேன். இவர் என்னடாவென்றால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, எத்தனை தடவை கேஸ் போட்டால் தன் காலத்துக்குப் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அவர்தான் என்னைக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொன்னார். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. அதுவும் இந்தக் கணக்கில்தான் வருகிறது என்று நினைத்ததும் அந்தப் பெருமையும் வெந்துபோனது.

போய்க் கார் கதவைத் திறந்தேன். கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். எல்லாம் கேட்டிருக்கும்.

“லீக் பாக்காம கேஸ் ஏத்தறவன் திருடன்னு ஃபேக்டரில ஆளுங்கள அடிக்கப் போனது யாரு?”

கண்ணைத் திறந்தார். “டேஷ்போர்டு மொத்தமும் பிரிக்கணும், தாட்சாயணி. பழைய வண்டி. எனக்கோசரம் எதுக்கு அவ்ளோ...”

“ஒனக்கோசரம்னு யாரு சொன்னது? வண்டி ஓட்டறது நானு. எனக்கு வேர்க்குது.”

இருபத்தாறு வருடத்தில் அவரை நான் ‘நீ’ என்று சொன்னதில்லை. அவருக்கும் அது உறைத்தது. முனிரத்தினம் வேன் பக்கம் திரும்பிக்கொண்டான். “அடுத்த வெயிலுக்கும் வேர்க்கும்,” என்றேன். “அதுக்கு அடுத்த வெயிலுக்கும் எனக்கு வேர்க்கும். எறங்கு கீழ.”

இறங்கினார். முனிரத்தினம் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை நிழலில் போட்டான். வியாழக்கிழமை காலையில் வண்டி வேண்டும் என்றேன். நாளைக் காலையில் முதல் பஸ் பிடித்து வேலூர் போய்க் காயில் வாங்கி வந்துவிடுகிறேன், நாளை சாயங்காலத்துக்குள் மாட்டிவிடலாம், இப்போதே பிரிக்க ஆரம்பிக்கிறேன் என்றான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு முன்சீட்டில் மண்டிபோட்டவன், தலையை வெளியே நீட்டிச் சொன்னான், “இருபத்தி மூணு ஸ்க்ரூ, அக்கா. ஒண்ணு கொறஞ்சாலும் மாட்டினப்புறம் காலத்துக்கும் கடகடன்னுக்கினே இருக்கும். எதுலனா பத்திரமா போட்டு வைங்க.”

நான் சுற்றிலும் பார்த்தேன். கடையில் இருந்த டப்பா எல்லாவற்றிலும் பழைய நட்டும் போல்ட்டும் கலந்து கிடந்தன. இவர் மடியில் டம்ளரை வைத்துக்கொண்டிருந்தார். அன்றைய கணக்கில் கடைசி நூறு மில்லி அதில் இருந்தது. வழியெல்லாம் குடிக்காமல் பாட்டிலில் வைத்திருந்து இப்போதுதான் ஊற்றியிருக்கிறார்.

முனிரத்தினம் முதல் ஸ்க்ரூவை என்னிடம் நீட்டினான். நான் அதை வாங்கி அவருக்கு நேரே நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் டம்ளரை எடுத்து, அண்ணாந்து, சொட்டு மீதி இல்லாமல் குடித்தார். வேட்டி நுனியால் உள்ளே விரல் விட்டு ஈரம் போகத் துடைத்தார். ஸ்க்ரூவுக்கு ஈரம் ஆகாது, துரு பிடிக்கும், அது அவருக்குத் தெரியாததா. ஊசி குத்தின கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் டம்ளரை என் பக்கம் நீட்டினார்.

போட்டேன். டிங்கென்றது.

“ஒண்ணு,” என்றார்.