ஒற்றைத் தங்கூசு

பன்னிரண்டு நாளாக ஆவுடைத்தாய்க்குக் கஞ்சித் தண்ணிதான். அதிலும் பாதி வாயோரம் வழிந்துவிடும். பாளையங்கோட்டையில் வைத்துப் பார்த்த டாக்டர், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி அவங்களுக்குப் பிடிச்சதைக் குடுங்க" என்று அனுப்பிவிட்டார். டாக்டர்மார் பேச்சை அவள் புருஷன் அப்பாத்துரை என்றைக்கும் நம்பினதில்லை. இந்தப் பேச்சை மட்டும் நம்பாமல் இருக்க முடியவில்லை.

என்ன வேணும் என்று கேட்டால் அவள் தலையைத் திருப்பிக்கொள்வாள். செவ்வாய்க்கிழமை அவளாகவே வாயைத் திறந்தாள்.

"சேல்கெண்டைக் குழம்பு இருந்தா ரெண்டு வாய் இறங்கும்."

கல்லிடைக்குறிச்சிச் சந்தையில் ஐஸ் மீன் வாங்கி வந்தார். பையைப் பிரித்த வாடைக்கே ஓங்கரித்துவிட்டாள். அப்புறம்தான் பரணிலிருந்து தூண்டிலை இறக்கினார்.

அவர் தூண்டில் போட்டதெல்லாம் ஐப்பசி வெள்ளத்தில், கலங்கல் தண்ணியில். அதற்குச் சணல் தடிமனுக்கு ஒரு கயிறு. இது தொண்ணூற்றாறாம் வருஷத்துப் பங்குனி. ஆற்றில் இடுப்பளவுத் தண்ணி, அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம். மீனும் இருந்தது. மாவு உருண்டையைப் பார்த்து வரும், ஒரு சாண் தள்ளி நிற்கும், கயிற்றைப் பார்க்கும், திரும்பிப் போகும். உச்சி வரை இதேதான். கையெட்டும் தூரத்தில் நின்று கேலி செய்கிற மாதிரி இருந்தது.

கடைவீதியில் கயிறும் வலையும் விற்கிற தாஜ் முகம்மது, நைலான் தங்கூசு ஒரு சுருள் எடுத்து வைத்தார். இருக்கிறதிலேயே மெல்லிசு.

"பொம்பளையாளு தலைமுடியைக் கொண்டாந்து நீட்டுதீரே வே!"

"இந்தத் தண்ணிக்கு இதுதான் அண்ணாச்சி. கண்ணுக்குத் தெரியாம இருந்தாத்தான் மீனு வாயைத் தொறக்கும். உங்க கயித்துல மாட்டைக் கட்டுங்க."

"விக்காமக் கிடந்த சரக்கா?"

"ஆமா, வாப்பா காலத்துலேருந்து உங்களுக்குன்னே எடுத்து வச்சிருக்கேன்."

அப்பாத்துரை ஒரு முழத்தை இரண்டு கையிலும் சுற்றி வெடுக்கென்று இழுத்தார். அறுந்தது.

"பாத்தீரா?"

"வெடுக்குன்னு இழுக்கக் கூடாது அண்ணாச்சி. ஓடினா ஓடட்டும்னு விடணும். களைச்சுப் போன பிறகு பைய இழுத்தா அதுவா வரும்."

"பிடிச்ச மீனை விடச் சொல்லுதான். நல்ல யாவாரி!"

வாய் அப்படிச் சொன்னாலும் சுருளை வாங்கிக்கொண்டார். வேறு வழி தெரியவில்லை. ஆனால் அந்த மெல்லிசை நம்பி எப்படி இறங்குவது? வீட்டில் உட்கார்ந்து இரண்டு இழையைத் தொடையில் வைத்து முறுக்கி ஒன்றாக்கினார். இப்போது இழுத்துப் பார்த்தார். அறவில்லை. அதற்குப் பிறகுதான் மனசு சமாதானப்பட்டது.

மறுநாள் வெயில் ஏறினதும் முறுக்கு விழுந்த இழை தண்ணிக்குள் கண்ணாடித் துண்டு மாதிரி மின்னியது. மீன் வந்தது, பார்த்தது, போனது. அப்பாத்துரை தாஜ் முகம்மதின் வம்சத்தையே இழுத்து வைது தீர்த்துவிட்டு, சுருளில் மீதியிருந்ததில் ஒற்றை இழையாகக் கட்டிப் போட்டார்.

ஒரு பீடி குடிக்கிற நேரம் ஆகவில்லை. தக்கை குபுக்கென்று அமுங்கியது. முழங்கை நீளத்துக்குச் சேல்கெண்டை, வெள்ளையாகப் புரண்டது.

இழை விரலிடுக்கில் ஓடியது. ஓடுவது கண்ணுக்கே தெரியவில்லை, சூடு மட்டும் தெரிந்தது. இரண்டு கையையும் விரித்த நீளம், ஒரு பாகம் போயிற்று. இரண்டு பாகம் போயிற்று. விடணும் என்று அந்த ஆள் சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. அவனுக்கென்ன, அவன் வீட்டிலா படுத்துக் கிடக்கிறாள்? உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்.

இழை முதலில் கையை அறுத்தது. பிறகு பாரம் இல்லாமல் போனது.

கலங்கல் தண்ணியாக இருந்தால் போனது போனதுதான். இந்தத் தண்ணி அதையும் காட்டியது. பாறை மறைவில் மீன் நின்றது. செவுள் ஏறி இறங்கியது. வாயில் தூண்டில் முள், அதிலிருந்து ஒரு முழம் இழை ஒழுக்கில் ஆடிக்கொண்டிருந்தது. அப்பாத்துரை வேட்டியோடு இறங்கிக் கையை நீட்டினார். அது ஒரு பாகம் தள்ளி நின்றது. அவர் நகர்ந்தார், அதுவும் நகர்ந்தது. கடைசியில் ஆழத்துக்குப் போய்விட்டது. மிச்ச மாவை எல்லாம் வீசிப் பார்த்தார். குஞ்சு மீன்கள் தின்றன.

வீட்டில் அடுத்த வீட்டுச் சாரம்மாள் தேங்காயும் மசாலாவும் அரைத்துக் கிண்ணத்தில் மூடி வைத்திருந்தாள். புளி ஊறிக்கொண்டிருந்தது. ஆவுடைத்தாய் சுவரில் தலையணையை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். யார் சீவிவிட்டார்களோ, தலை சீவியிருந்தது.

"கிடைச்சுதா?"

"தண்ணி சரியில்லளா."

அவள் அவர் கையில் சுற்றியிருந்த துண்டைப் பார்த்தாள். துண்டில் ரத்தம் ஊறியிருந்தது.

"நாளைக்கும் போறேன்" என்றார்.

"வெயில்ல கிடந்து சாகாதீங்க. அரைச்சதைச் சாரம்மாகிட்டக் குடுத்திருங்க. வச்சா புளிச்சிரும்."

தலையணையைத் தானே கீழே இழுத்துப் போட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

அப்பாத்துரை கஞ்சியை ஆற்றிப் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏளா" என்றார். இரண்டு தடவை சொன்னார். அவள் வாய் திறக்கவில்லை. கஞ்சி ஏடு கட்டினதும் எழுந்து, மசாலாக் கிண்ணத்தைக் கொண்டுபோய் அடுத்த வீட்டு வாசலில் நின்றார்.

"இதுல என்ன இருக்கு அண்ணாச்சி" என்றாள் சாரம்மாள். "நாளைக்கு மீனு கிடைச்சா மைனிக்கு வேற அரைச்சுக்கிடலாம்."

"அரைக்காண்டாம்" என்றார் அவர். "அவ இனிக் கேக்க மாட்டா."