எடை குறைந்த ரொட்டி

பண்ணையடிமை ஒருவன் தப்பி வந்து, எங்கள் ரைன் கரை ஊரின் மதிலுக்குள் ஒரு வருடமும் ஒரு நாளும் இருந்துவிட்டால் அவன் சுதந்திரமானவன். என் கடையில் ரொட்டி சுடும் லாம்பர்ட்டுக்கு அன்று உச்சிமணி அடித்தால் அந்தக் கெடு முடிகிறது. அப்புறம் விதவையான என்னைக் கட்டிக்கொள்ளவும் அவன் எவனிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அன்றைக்கென்று பார்த்தா பிரபுவின் காரியக்காரன் குதிரையோடு கடைவாசலில் வந்து நிற்க வேண்டும்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இவன் எங்க ஆளு. கெளம்புடா!" என்றான்.

ஊர்த் தண்டனையில் இருப்பவனை வெளியார் தொடக்கூடாது. சட்டென்று எனக்கு அது ஞாபகம் வந்தது. எதிரே சந்தை மேற்பார்வையாளர் ஹார்ட்விக் தராசோடு நின்றிருந்தார்.

"ஐயா! இவன் சுட்ட ரொட்டி எடை கொறவு. கூண்டுல போட்டுக் குட்டையில முக்குங்க!" என்று கத்தினேன்.

நிறுத்துப் பார்த்தார். "ஒரு பிடி கூடவே இருக்கே, கெர்புர்க்?"

பாழாய்ப்போன என் தாராளக் கை! ரொட்டியைப் பிடுங்கி, வாய் நிறையக் கடித்துவிட்டுத் திருப்பி வைத்தேன். "இப்ப நிறுங்க."

"அட, ஆமா. கொறவுதான்," என்றார் ஹார்ட்விக், சிரிக்காமல். "மூணு முக்கு."

கழியில் தொங்கிய கூண்டு லாம்பர்ட்டோடு குட்டைக்குள் இறங்கியது. மூன்று முக்கும் முடிந்தன. மணி அடிக்கவில்லை. காரியக்காரன் அவனைப் பிடிக்கக் கை நீட்டினான். எனக்கு உயிரே போய்விட்டது.

"நில்லுய்யா! என் ரொட்டியும் கொறவு!" என்று செருப்பு தைக்கும் ஓட்டோ கன்னம் புடைக்க மென்றபடி ஓடி வந்தார்.

அவ்வளவுதான், சந்தையே கடிக்க ஆரம்பித்துவிட்டது. மீன்காரி கடித்தாள், பாதிரியார் கடித்தார். ஒவ்வொரு கடிக்கும் லாம்பர்ட் மூன்று முறை மூழ்கி எழுந்தான்.

"இன்னும் யாருக்காச்சும் பசிக்குதா?" என்று கூண்டிலிருந்து கூவினான்.

மணி அடித்தது! காரியக்காரன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு குதிரையைத் திருப்பினான். நான் அழுதேனா சிரித்தேனா தெரியவில்லை.

"இத்தன ரொட்டி கொறவுன்னா கடைக்காரிய சும்மா விடலாமா?" என்றார் ஹார்ட்விக்.

யாரும் என்னைப் பிடிக்க வரவில்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே கூண்டில் ஏறினேன். ஒருவருக்கென்று செய்த கூண்டு. லாம்பர்ட் ஒதுங்கி இடம் கொடுத்தான். உடம்பெல்லாம் சேறு, நாற்றம்.

"என்னைக் கட்டிக்கிறியா?" என்றான்.

"கட்டிக்கி..." என்பதற்குள் முக்கிவிட்டார்கள்.