முதல் அம்பாரம்

வலங்கைமானுக்கு அருகே உழவர்கள் சேர்ந்து நடத்தும் கம்பெனியின் களத்தில் நெல் அம்பாரங்கள் வரிசையாகக் கிடந்தன. போன மழையில் குத்தகைக்காரி ராமாயியின் நெல் அப்படி வரிசையில் காத்துக் கிடந்தே முளைவிட்டது. மிச்ச வயலையும் இப்போது அறுத்து வந்து வரிசையின் கடைசியில் கொட்டியிருந்தாள். சாயங்காலம் மழை என்றார்கள்.

களத்துப் பொறுப்பாளர் பூவிழி தஞ்சாவூரில் ஒரு பயிற்சியில் வேல்யூ ஸ்ட்ரீம் மேப்பிங் கற்றிருந்தாள். பொருள் வந்து இறங்குவதிலிருந்து வெளியே போவதுவரை கூடவே நடந்து, எங்கே வேலை நடக்கிறது, எங்கே சும்மா கிடக்கிறது என்று வரைந்து பார்ப்பது. அவளும் நெல்லோடு நடந்தாள். ஈரம் பார்ப்பது, தூற்றுவது, எடை, தையல், லாரி. வேலைக்கு நீலம், காத்திருப்புக்குச் சிவப்பு என்று சார்ட்டில் கோடு போட்டாள்.

கொட்டகைச் சுவரில் ஒட்டிய சார்ட்டை எடைபோடும் ரெங்கசாமி பார்த்தார்.

"தையல் மெஷினத் திட்டிக்கிட்டு இருந்தோம். செவப்பு பூரா ஈரம் பாக்குற எடத்துல கெடக்கேம்மா."

"ஈரம் பாக்க எவ்வளவு நேரம் ஆவுதுண்ணே? பாத்த பின்னாடி என்ன செய்யிறோம்?"

களத்துக்கு வந்த நெல்லைப் பார்த்து யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஈரமாயிருந்தால் 'காயட்டும்' என்பார்கள். அது எடைமேடைக்கு முன்னாலேயே காயும். பின்னாலுள்ள காய்ந்த நெல் அதைத் தாண்டிப் போகாது. தாண்டினால் முன்னால் இருப்பவருக்கு மரியாதைக் குறைவு.

"மொத அம்பாரம் யாருதுன்னு தெரியும்ல?" என்றார் ரெங்கசாமி.

"தெரியும்."

அவள் அண்ணன் மதிவாணனுடையது. இந்தப் போகத்தில் அவனுக்குக் கண்ட விளைச்சல் அவ்வளவுதான்.

பூவிழி அவனிடம் போனாள். "ஈரம் எறங்கல. ஓரத்துக்குத் தள்ளிடுண்ணே."

"காயட்டும்னு சொல்லு."

"முன்னாடி கெடந்தத அப்படிச் சொல்லித்தான் பின்னாடி ராமாயியோடது மொளச்சுது. இது இப்ப வேணாம்ண்ணே."

களத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஊர்ல எவனும் வாயால சொல்லாதது. என் நெல்லப் பாத்துத்தான் மொதல்ல சொல்லணுமா?"

"வேற யாரு நெல்லப் பாத்து மொதல்ல சொல்ல முடியும்?"

அவன் நெல் தள்ளும் பலகையை எடுத்தான். தனியாகவே தள்ளினான். ரெங்கசாமி அடுத்த அம்பாரத்தின் முதல் மூட்டையை எடையில் ஏற்றினார்.

மழை வந்தபோது ராமாயியின் நெல் லாரியில் இருந்தது. களத்தின் ஓரம் தாழ்வு. மதிவாணனின் நெல்லை மூடிய தார்ப்பாயின் அடியில் தண்ணீர் புகுந்தது. பூவிழி ஓடிப்போய் மண்ணை அணைத்தாள். மறுபக்கம் மதிவாணன் அணைத்துக்கொண்டிருந்தான். பிறகு இருவரும் தார்ப்பாயின் முனைகளை இழுத்துப் பிடித்தார்கள்.

"காஞ்சதும் ஈரம் பாக்க நீ வராத," என்றான். "ரெங்கசாமிய அனுப்பு."

அவள் தார்ப்பாயின் முனையை விடவில்லை.