குமிழுக்கு இடமில்லை

என் கணவர் காலையில் எச்சில் விரலால் என் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். நாக்கை நீட்டி, அதில் ஆள்காட்டி விரலை ஒரு தேய்ப்பு, பிறகு ஒரு தாள். மறுபடி நாக்கு, மறுபடி தாள். ஒவ்வொரு ஓரத்திலும் ஈரக்கறை. எச்சில் தொடாதீங்க என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

எங்கள் படக்கதை ஒரு வாரப் பத்திரிகையில் வருகிறது. காலத்தைக் கடந்து போகும் வாலிபன் ஒருவன், ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய தாடிக்காரக் கண்டுபிடிப்பாளரின் பட்டறையில் போய்க் குதிக்கிறான். உலகமே கொண்டாடும் மேதை அவர். கதையை இவர் சொல்வார். நான் வரைந்து, பேச்சுக்கான குமிழ்களைக் காலியாக விடுவேன். கடைசியில் இவர் நிரப்புவார். என்ன நிரப்பினார் என்பது அச்சில் பார்த்தால்தான் எனக்கே தெரியும்.

அந்தத் தாடிக்காரரை யோசித்தது நான். பால்கனியில் கம்பி பிய்ந்து கிடந்த குடையைப் பார்த்து அவருக்குப் பறக்கும் எந்திரம் வரைந்ததும் நான்தான். ஆனால் குமிழ்களில் வாராவாரம் அந்த வாலிபப் பொடியன்தான் பாடம் நடத்தினான். "தாத்தா, சக்கரத்தை இப்படிப் போடுங்க" என்பான். என் மேதை மண்ணு மாதிரி தலையாட்டுவார்.

நேற்று வானொலியில் இவருடைய பேட்டி. என் பங்கு என்ன என்று கேட்டார்கள்.

"அவ என் கை மாதிரி. நான் சொல்வேன், அது வரையும்."

சிரிப்பு வேறு. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த எனக்குக் கோபம்கூட வரவில்லை. அடைத்துக்கொண்ட தொட்டிக்குள் கையை விட்டது போல ஓர் அருவருப்பு, அவ்வளவுதான்.

இன்று கடைசி வாரம். அடுத்துப் புத்தகமாக வரப்போகிறது. வந்தால் அதுதான் நிலைக்கும்.

"கடைசிக் கட்டத்துல கெழவன் பையன் கால்ல விழறான். 'பறக்கக் கத்துக்குடுத்த தெய்வமே'ன்னு பெரிய குமிழ். மேல நல்லா எடம் விடு."

"அந்த எந்திரம் அவரோடதுங்க."

"யாரோடதா இருந்தா என்னடி? பேரு என்னோடதுதானே வருது."

அவர் குளிக்கப் போனார். நான் உட்கார்ந்தேன். கிழவரை எந்திரத்தில் ஏற்றினேன். இறக்கைகளைக் கட்டத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை விரித்து, குடைக்கம்பிகளை ஒன்றுவிடாமல் வரைந்தேன். மிஞ்சிய வானம் முழுவதையும் கறுப்பு மையால் அப்பினேன். வாலிபன் கீழே, கடுகளவு, வாயைப் பிளந்துகொண்டு.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தபோது தாள்களை வாங்கிப்போக வந்த பத்திரிகை ஆள் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். அவர் அவசரமாகத் தாளைத் தொட்டுப் பார்த்தார், பழக்கத்தில் விரலை நாக்குக்குக் கொண்டுபோனார், முந்தைய தாளைப் புரட்டினார், கடைசித் தாளுக்கே திரும்பினார். மறுபடி காயாத மை, மறுபடி நாக்கு.

"எங்கடி எழுதறது?"

பேனா முனையைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தேன். திறந்த வாய்க்குள் அவர் நாக்கு கன்னங்கரேலென்று இருந்தது. வாசலில் ஹாரன் விடாமல் அடித்தது.