ஈர மை

சமன்பாட்டின் கீழே மீசை போடாமலேயே கணேசபாண்டியன் லீவில் போயிருந்தது சனிக்கிழமை மத்தியானம்தான் பாகீரதியின் கண்ணில் பட்டது. செம்பூரிலிருந்த அந்த ஆராய்ச்சி ஆபீசில் கணிதக் கட்டுரைகளை டைப் அடிப்பது அவள் வேலை. எழுத்தின் தலைமேல் கோடு வேண்டுமென்றால் உருளையை அரை வரி திருப்பி அவளே அடித்துவிடுவாள். பல உறுப்புகளைச் சேர்த்து அணைக்கிற நீண்ட வளைவு அடைப்புக்கு மெஷினில் எழுத்து கிடையாது. மேலேயோ கீழேயோ இடம் விட்டு அனுப்புவாள். டிராயிங் பிரிவிலிருந்த கணேசபாண்டியன் இந்தியன் இங்க் என்ற கறுப்பு மையில் அதை இழுத்து, நடுமுனையில் குட்டியாக ஒரு n எழுதித் தருவான். ஆபீசில் அதற்கு மீசை என்றே பெயர். சில நாள் அவள் வேண்டுமென்றே ஒரு வரி கூடுதலாக விடுவாள். அவனும் அதற்குத் தக்கபடி வளைவை இறக்கி வரைந்திருப்பான். சின்ன வயசிலேயே கணவனை இழந்து மாட்டுங்காவில் அண்ணன் வீட்டில் இருப்பவளுக்கு, அதற்கு மேல் எதையும் கேட்கத் தெரியவில்லை.

கட்டுரை அன்றே தபாலில் போக வேண்டும். "அவன் வீட்டுக்கு ப்யூனை அனுப்பட்டுமா?" என்றார் அதை எழுதிய மகாதேவன்.

"வேண்டாம் சார். போற வழிதானே. நானே வாங்கித் தபால்ல சேர்த்துடறேன்."

சயானில் பஸ்ஸை விட்டிறங்கி, தாராவியில் விசாரித்து விசாரித்து அவன் வீட்டைக் கண்டுபிடித்தாள். வாசல் நிறையச் செருப்புகள். உள்ளே ஜமுக்காளத்தில் ஊர்க்காரர்கள், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பூ. புதுச்சட்டையோடு எழுந்து வந்தான்.

"நீங்களா வந்திருக்கிய?"

"ஒரு பக்கம் விட்டுப்போயிடுத்து." தாம்பாளத்தைப் பார்த்தாள். "என்ன விசேஷம்?"

"பொண்ணு பேசி முடிக்காவ. பாளையங்கோட்டைப் பக்கம்."

"ஆபீஸ்ல சொல்லவே இல்லையே."

"உங்ககிட்ட சொல்லணும்னு ரெண்டு மூணு மட்டம் வந்தேன். நீங்க குனிஞ்சு அடிச்சிக்கிட்டு இருந்திய."

டிரங்குப் பெட்டியின் மேல் காகிதத்தை விரித்தான். சுருண்ட ஓரங்களை அவள் விரல்களால் அழுத்திக்கொண்டாள். இவ்வளவு பக்கத்தில் அவன் வரைந்து அவள் பார்த்ததில்லை. பேனா இடப்பக்கம் தொடங்கி, நடுவில் கூராக இறங்கி, மறுபடி ஏறி வலப்பக்கம் முடிந்தது. கோடு எங்கேயும் நடுங்கவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"காயட்டும். ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க."

"இல்லை. தபாலாபீஸ் மூடிடுவா."

மடிக்கவோ பைக்குள் வைக்கவோ முடியாது. ஈரக் காகிதத்தை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு சந்துக்குள் இறங்கினாள். தலையில் தோல்கட்டோடு எதிரே வந்தவர் சுவரோரம் ஒதுங்கினார். குழாயடிப் பெண்கள் குடங்களை நகர்த்தி வழி விட்டார்கள். காற்று வந்தபோதெல்லாம் நின்று, முதுகைத் திருப்பி மறைத்துக்கொண்டு, அடங்கியதும் மெல்ல நடந்தாள்.