பத்து மணிக் கோபம்

மாரியப்பனின் தாடையைத் தூக்கிப் பிடித்து வேட்டிக் கிழிசலால் கட்டிக்கொண்டிருந்தான் அவர் மகன் பரசுராமன். கடம்பத்தூரிலிருந்து முதல் ரயிலில் வந்து, அழுது முடித்து, காப்பியும் குடித்துவிட்டிருந்த கங்கம்மாள் அத்தை அப்போதுதான் கேட்டாள்.

"நெய்ப்பந்தம் புடிக்க பேரப்புள்ள எங்கடா? எங்கண்ணன் இருட்டுலயா போவணும்?"

பரசுராமனுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். ரயில் தாமதமாக வந்தாலும் சரி, நேரத்துக்கு வந்தாலும் சரி, கோபப்பட்டவர் மாரியப்பன். ஆனால் இந்த ஒரு கேள்வியை மட்டும் அவர் மகனிடமோ மருமகளிடமோ கேட்டதில்லை.

"இருவத்திரெண்டு பேரு இருக்காங்க," என்றாள் மருமகள் குணசுந்தரி, அடுப்படி வாசலில் நின்று.

"எவன் பெத்த புள்ளைங்கள சொல்ற?"

"பால்வாடி புள்ளைங்க."

பால்வாடி, வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகையில் நடந்தது. குணசுந்தரிதான் டீச்சர். நாலு பானை மூடிகளில் சுண்ணாம்பாலும் காவியாலும் நாலு முகம் வரைந்து வைத்திருந்தாள்: சிரிப்பு, அழுகை, பயம், கோபம். அவள் மூடியைத் தூக்கிக் காட்டினால், பிள்ளைகள் அந்த முகத்தைச் செய்துகாட்ட வேண்டும். மூன்றுக்கு மூடி போதுமாயிருந்தது. கோபத்துக்கு மாமனாரே நேரில் வந்தார்.

காலை பத்து மணிக்குத் தடியோடு வாசலில் நிற்பார். "இன்னா சத்தம் இங்க? இது இன்னா மாட்டுக் கொட்டாயா?"

டீச்சர் கோப முகம் வரைந்த மூடியைத் தூக்குவாள். இருபத்திரண்டு பிள்ளைகளும் புருவத்தை நெரித்து, உதட்டைப் பிதுக்கி அவரை முறைப்பார்கள். அவர் போய்விடுவார். முதல் மாதம் நிஜக் கோபம்தான். அப்புறம் காய்ச்சல் வந்த நாளில்கூட, "மணி பத்தாச்சாடா?" என்று கேட்டு, போர்வையோடு எழுந்து போய்க் கோபப்பட்டுவிட்டு வந்து படுத்தார்.

"ஊர்ப் புள்ளைங்கள வெச்சு பந்தமா? கேட்டா சிரிப்பாங்க," என்றாள் அத்தை.

"சிரிக்கட்டும் அத்தே. கூப்புடு குணா," என்றான் பரசுராமன்.

மதியம் பிள்ளைகள் வந்தார்கள். பந்தக் குச்சியைப் பிள்ளைகள் தொட்டுக்கொண்டார்கள்; தீயைத் தாய்மார்கள் பிடித்துக்கொண்டார்கள். பிணத்தை நெருங்கியதும் முதல் பிள்ளை நின்றது. தாத்தாவைப் பார்த்தது. புருவத்தை நெரித்து, உதட்டைப் பிதுக்கியது. அவ்வளவுதான். இருபத்திரண்டும் பிணத்தை முறைத்துக்கொண்டே மூன்று சுற்று வந்தன.

மேளம் நின்றுவிட்டது.

முதலில் சிரித்தது கங்கம்மாள்தான். "அடப்பாவிங்களா, அப்டியே எங்கண்ணன் மூஞ்சிடா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள், சிரிப்பு முடிவதற்குள் அழ ஆரம்பித்தாள். இந்த முறை காப்பியை நீட்டியபோது வேண்டாமென்றாள்.

பரசுராமன் அழவில்லை. கொள்ளி வைக்கும்போது புகை நேராகக் கண்ணில் அடித்தது. அதற்கும் ஒரு சொட்டு வரவில்லை. கும்மிடிப்பூண்டிப் பட்டறையில் வெல்டிங் பார்த்துப் பழகிய கண் என்று ஊர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டது.

பால் தெளித்த மறுநாள் பால்வாடி திறந்தது. பரசுராமன் வீட்டுக்குள் ஷேவிங் செய்யாத தாடையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொட்டகையில் திடீரென்று சத்தமே இல்லை. மணியைப் பார்த்தான். பத்து.

எட்டிப் பார்த்தான். இருபத்திரண்டு பிள்ளைகளும் முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். மூடி எதையும் தூக்காமல் குணசுந்தரி நின்றுகொண்டிருந்தாள்.

சுவரில் சாத்தியிருந்த தடியை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றான்.

"இன்னா… இன்னா சத்தம் இங்க?"

யாரும் முறைக்கவில்லை. நாலு வயது செல்வி எழுந்து வந்து அவன் முகத்தை அண்ணாந்து, கண்ணைச் சுருக்கி, நன்றாகப் பார்த்தாள்.

"டீச்சர், இவரு தப்பா செய்யிறாரு."

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய், அடுக்கிலிருந்த மூடிகளைக் கலைத்து, கண்ணுக்குக் கீழே இரண்டு சொட்டு வரைந்திருந்ததை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தாள்.